தம்பி பூட்டாமல் விட்டுச் சென்ற மூன்று பலகைகள்

என் தம்பியின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் உறவுகளே, நண்பர்களே, எடுத்த எடுப்பில் ஒரு வேலை சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். எழுந்து முன்வாசலுக்குப் போய், கதவுக்கு மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு வாருங்கள். மழைத்தண்ணீர் ஓடும் பீலிக்குப் பின்னால், கூரையின் விளிம்பு முழுவதும் வெள்ளையாக ஒரு பலகை ஓடுகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்து இதை வாசித்தால் எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஒரு வீட்டுக்கு வருகிறவர்கள் ஓட்டைப் பார்ப்பார்கள், சுவரைப் பார்ப்பார்கள், யன்னல் சீலையைக்கூடப் பார்ப்பார்கள். அந்தப் பலகையை ஒருவரும் பார்ப்பதில்லை. கைமரங்களின் நுனிகளில் மழை படாமலும் குருவி கூடு கட்டாமலும் மூடி நிற்பது அதுதான். ஜெர்மன்காரர் அதை ஷ்டிர்ன்பிறெட் என்பார்கள். நெற்றிப் பலகை என்று அர்த்தமாம். நாங்கள் வீட்டில் பீலிப் பலகை என்று சொல்வோம். என் தம்பியார் இந்த நாட்டில் தன் உழைப்புக் காலம் முழுக்க மற்றவர்களின் வீடுகளுக்குப் பொருத்திப் பூட்டிக் கொடுத்தது அந்தப் பலகைதான்.

இதை என்னை எழுதச் சொன்னது தம்பியின் ஒரே மகள், என் மருமகள். நான் மறுத்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். நாலுபேர் கூடினால் குசினிக்குள் போய் நிற்கிறவள் என்பதும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். மருமகள் விடவில்லை. “அண்டைக்கு முற்றத்திலை நிண்டு ஒரு சத்தம் போட்டீங்களே மாமி, அதை எழுதுங்கோ, அது காணும்” என்றாள். அந்தச் சத்தத்தைப் பற்றிப் பின்னால் வருகிறேன். வாழ்நாள் முழுக்க வா, போ என்று கூப்பிட்ட தம்பியை இங்கே அவர் என்று எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மரியாதைக்கு உரியவர்.

தம்பியார் வடமராட்சியில், கடற்கரைக்குக் கிட்டவான ஒரு சிறிய ஊரில், நான்கு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். ஐயா லொறி ஓட்டினார். இவர் பிறந்த பிறகு அம்மா நெடுநாள் படுக்கையில் இருந்தபடியால், நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இவரைத் தூக்கி வளர்த்தேன். அதை ஒரு குறையாக எழுதவில்லை. இவர் வைத்த முதல் அடி என்னை நோக்கித்தான் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. கணக்கில் கெட்டிக்காரர், கைவேலையில் பொறுமைசாலி. ஆனால் உயரம் என்றால் பயம். முருங்கைக்காய் பிடுங்க ஏணியில் ஏற்றிவிட்டால் இரண்டாம் படியில் நின்று கண்ணை மூடிக்கொள்வார். இதை நினைவில் வைத்திருங்கள்.

நாட்டு நிலைமை மோசமாகி, இளம் பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்க ஏலாத காலம் வந்தபோது தம்பியார் புறப்பட்டார். கிழக்கு பேர்லின் வழியாக மேற்குக்கு வந்து, அகதியாகப் பதிந்து, பீலெஃபெல்டுக்குப் பக்கத்தில் ஒரு முகாமில் ஆறுபேரோடு ஒரே அறையில் இருந்தார். வேலை செய்ய அனுமதி இல்லாமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களைத்தான் தன் வாழ்க்கையில் ஆகக் கஷ்டமான காலம் என்று சொல்வார். அனுமதி கிடைத்ததும் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார்.

அங்கே சாப்பிட வந்த ஒரு கூரை வேலை முதலாளிக்கு ஆள் தேவைப்பட்டது. உயரத்தில் நிற்பாயா என்று தம்பியாரைக் கேட்டாராம். இவர் கொஞ்சமும் யோசிக்காமல், ஊரில் தினமும் பனை ஏறினேன் என்று சொல்லிவிட்டார். பனை என்றால் என்னவென்று முதலாளிக்கு விளங்கவில்லை. வீட்டை விட உயரம், பிடிக்கக் கிளை கிடையாது என்று கையால் காட்டியிருக்கிறார். அடுத்த நாளே வேலை.

முதல் நாள் ஓட்டின்மேல் ஏறி, பாதி வழியில் உட்கார்ந்தவர் அசைய மறுத்துவிட்டார். அவரை இறக்கி வந்தவர் வெர்னர் என்ற சக தொழிலாளி. இருவருக்கும் ஒரே வயது. கையைப் பிடித்து, அடி அடியாக, ஒரு மணித்தியாலம் எடுத்து இறக்கினாராம். நிலத்துக்கு வந்ததும் வெர்னர் கேட்ட முதல் கேள்வி, ஊரில் அந்த மரத்தில் இருந்து உன்னை யார் இறக்கினார்கள் என்பது. அன்றைக்குத் தொடங்கிய சிநேகிதம். வெர்னர் இன்று இந்த வீட்டில் உங்களோடு முன்வரிசையில் இருக்கிறார்.

முதலாளி நல்ல மனிதர், துரத்தவில்லை. ஓட்டுக்குப் போகாதே, கெரூஸ்டில் நின்று விளிம்புப் பலகையைப் பூட்டு என்று விட்டார். கெரூஸ்ட் என்பது வீட்டைச் சுற்றிக் கட்டும் இரும்புச் சாரம். நிற்கத் தட்டு இருக்கும், பிடிக்கக் கம்பி இருக்கும். பயத்தால் கிடைத்த அந்த வேலையில் தம்பியார் மன்னன் ஆகிவிட்டார். சில வருடங்களில் பயமும் போய், ஓட்டிலும் ஓடித் திரிந்தார். ஆனாலும் விளிம்புப் பலகை என்றால் அந்தக் கொம்பனியில் இவரைக் கேட்காமல் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். முப்பது தாண்டிய பிறகு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்படிப்புச் செய்து, மீசை முளைக்காத பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படித்து, சோதனை எழுதிச் சான்றிதழும் எடுத்தார்.

ஐயாவும் அம்மாவும் காலமான பிறகு தனியாக இருந்த என்னை, எத்தனையோ அன்ட்ராக் விண்ணப்பங்கள் எழுதி, நேரம் குறித்துத் தந்த எத்தனையோ தெர்மினுக்கு அலைந்து, இங்கே கூப்பிட்டார். விமான நிலையத்தில் தம்பியின் மனைவி, என் மச்சாள், என்னைக் கட்டிப்பிடித்து, இனி இதுதான் உங்கடை வீடு என்றார். அன்றிலிருந்து இன்றுவரை அந்தச் சொல் மாறவில்லை. பிறகு தம்பியார் நகரத்துக்கு வெளியே இந்தப் பழைய தாழ்ந்த வீட்டை வாங்கினார். வாசல் பக்கம் கூரை அவ்வளவு பதிவு. குசினி ஏணியில் மூன்று படி ஏறினால் பீலியைக் கையால் தொடலாம். இதையும் நினைவில் வைத்திருங்கள்.

சனிக்கிழமைகளில் கராஜில் பலகைகளுக்குப் பூச்சு அடிப்பார். நானும் ஒரு தூரிகையோடு கூட நிற்பேன். எனக்கு வெளியில் வேலை இல்லை, பாஷையும் இல்லை. அந்தக் கராஜ்தான் என் வெளி உலகம். அங்கே நின்றபடியால் தம்பியாரின் வேலை எனக்கு மனப்பாடம். பலகையை முதலில் பூட்டிவிட்டுப் பிறகு முன்பக்கம் மட்டும் பூச்சு அடிப்பது இவருக்கு ஆகாது. முன், பின், மேல், கீழ், இரண்டு நுனி, ஆறு பக்கமும் கீழே வைத்தே அடித்து முடிக்க வேண்டும். கைமரங்களின் நுனி ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் இருக்கும். ஆகவே முதலில் ஒரு நூலை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு இழுத்துக் கட்டி, குறைந்த இடத்தில் மரச்சீவல் வைத்து நிரப்புவார். இரண்டு பலகை சேரும் இடத்தைச் சரிவாக அறுத்து, ஒன்றின்மேல் ஒன்று படுக்க வைப்பார். நேராக அறுத்து முட்ட வைத்தால் வெயிலில் வாய் பிளந்துவிடும். சேரும் இடம் கைமரத்தின் மேலேதான் வர வேண்டும். கறள், அதாவது துரு, பிடிக்காத திருகாணிதான், அதுவும் முதலில் துளை போட்டுவிட்டுத்தான்.

எல்லாவற்றிலும் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. அறுத்த நுனியைப் பூச்சு இல்லாமல் மேலே ஏற்றக் கூடாது. “பலகை முகத்தாலை தண்ணி குடிக்காது அக்கா, வெட்டின வாயாலைதான் குடிக்கும்” என்பார். ஒரு விரல் அகலம் அறுத்தாலும் இறக்கி, இரண்டு முறை பூசி, காய வைத்த பிறகுதான் ஏற்றுவார். அவருடன் வேலை செய்தவர்கள் சாரத்தில் காத்துக்கொண்டு நின்று திட்டுவார்களாம். அவர்களின் கோபம் ஆறத்தான் நான் மீன் ரோல்ஸ் கட்டிக் கொடுத்து விடுவேன். அக்கா ரோல்ஸ், அக்கா ரோல்ஸ் என்று கேட்டுக் கேட்டு, அக்கா என்பது என் பெயர் என்றே அந்த ஜெர்மன்காரர் எல்லோரும் நினைத்தார்கள். யாரும் திருத்தவில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது.

பூட்டியதோடு வேலை முடிந்தது என்றும் விடமாட்டார். இலை கொட்டி முடிந்ததும் தெரிந்தவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பீலியில் அடைத்த இலையை அள்ளுவார். திருகாணி முடுக்கும் கோலின் நுனியால் பலகையை அங்கங்கே அமத்திப் பார்ப்பார். கோல் நின்றால் நல்லது, உள்ளே போனால் மரம் மக்கி உக்கல். பாசி பிடித்தால் மெல்லிய தும்பால் கழுவச் சொல்வார். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை தேய்த்துப் பூசச் சொல்வார். வீட்டுக்காரரிடம் விரலை நீட்டிச் சொல்லும் கடைசிச் சொல் எப்போதும் ஒன்றுதான், பூசிய பலகையில் ஓர் ஆணிகூட அடிக்காதேயுங்கள்.

இனி நான் சொல்லப்போவது, இந்தக் கோடை வரைக்கும் ஒருவருக்கும் சொல்லாதது.

ஊரெல்லாம் ஆணி அடிக்காதே என்று சொல்லித் திரிந்த மனிதரின் சொந்த வீட்டுப் பலகையில், இருபது வருடங்களாக, அவருடைய அக்கா ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். தைப்பொங்கல் என்றால் வாசலில் தோரணம் வேண்டாமா? இங்கே மாவிலைக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு வேலியில் நிற்கிற செடியின் இலை மாவிலை போலவே நீண்டு, பளபளவென்று இருக்கும். அதைக் கேட்டு வாங்கி நூலில் கோத்து, தம்பி வேலைக்குப் போன பிறகு குசினி ஏணியில் ஏறி, பீலிக்குக் கீழே தெரிந்த பலகையில் இந்தப் பக்கம் ஓர் ஆணி, அந்தப் பக்கம் ஓர் ஆணி, தொய்யாமல் இருக்க நடுவில் ஒன்று. சுத்தியல் எடுத்தால் தெரிந்துவிடும் என்று தேங்காய் உடைக்கும் கத்தியின் பின்புறத்தால் அடிப்பேன். பொங்கல் முடிந்ததும் ஆணியைப் பிடுங்கி எறிந்துவிடுவேன். அடுத்த வருடம் பக்கத்தில் புதிதாக மூன்று. தோரணத்தைப் பார்க்கும் தம்பியார் அதை நான் பீலியில் கட்டியிருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

தம்பியாருக்கு ஓய்வூதியம் வந்த வருடம், ஊரார் வீடு போதும், இனி என் வீடு என்று தொடங்கினார். கோடையின் முதல் பாதியில் பின்பக்கத்து மூன்று பலகைகளையும் மாற்றி முடித்தார். முன்பக்கத்துக்கும் புதுப் பலகை மூன்று அறுத்து, ஆறு பக்கமும் பூசி, கராஜில் காய வைத்தார். அந்த முறை கால் வலி காரணமாக நான் அதிகம் கூட நிற்கவில்லை. முன்பக்கத்துப் பழைய பலகையைக் கழற்றிய அன்று முற்றத்தில் இருந்து கூப்பிட்டார்.

“அக்கா, இஞ்சை ஒருக்கா வாங்கோ.”

போனேன். பலகை புல்லில் கிடந்தது. வாசலுக்கு நேரே இருந்த இடத்தில் கறள் பிடித்த துளைகள் வரிசையாக, அம்மை போட்டது மாதிரி. தம்பியார் கோலை வைத்து அமத்தினார். பிட்டுக்குள் விரல் போவது போல உள்ளே போய்விட்டது. உக்கல் பலகையோடு நிற்காமல் ஒரு கைமரத்தின் நுனியையும் பிடித்திருந்தது.

“இது ஆருடைய வேலை?”

“எனக்கென்ன தெரியும்” என்றேன்.

தூக்கி வளர்த்த பிள்ளைக்கு நான் சொன்ன ஒரே பொய் அது. தம்பியார் என்னைப் பார்த்தார், துளைகளைப் பார்த்தார். அளவுநாடாவை எடுத்து எதையோ அளந்தார். நான் அடுப்பில் கறி இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். நாளைக்குச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி கொடுக்கும்போது சொல்லலாம் என்று நாள் போனது. அந்த ஞாயிறு வரும் முன்னர் தம்பியாருக்கு நெஞ்சில் நோவு வந்தது. வைத்தியசாலையில் பத்து நாட்கள் இருந்தார். மச்சாளும் மகளும் மாறி மாறிப் பக்கத்தில் இருந்தார்கள். நான் போன அன்று, முன்பக்கம் திறந்து கிடக்கிறது அக்கா, மழைக்கு முன்னம் பூட்ட வேணும் என்றார். அப்போதும் நான் சொல்லவில்லை. அறையில் தாதி நின்றார். தம்பியார் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

பிறகு வந்த குளிர்காலம் முழுக்க எங்கள் வாசலுக்கு மேலே நீலத் தார்ப்பாய்தான் படபடத்துக்கொண்டிருந்தது. வெர்னருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. வேறு யாரைக் கேட்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கராஜுக்குள் போக மச்சாளுக்கு மனம் வரவில்லை. இந்தக் கோடையில், ஆண்டுத் திவசத்துக்கு நீங்கள் எல்லோரும் வருவீர்கள், வாசலில் தார்ப்பாய் தொங்கக் கூடாது என்று மருமகள் ஒரு கொம்பனியோடு பேசி தெர்மின் எடுத்துவிட்டாள். வெள்ளை பிளாஸ்டிக் பலகை. பூச்சு வேண்டாம், உக்காது, கழுவினால் காணும். அதில் ஒரு பிழையும் இல்லை. தம்பியாரே அந்தப் பலகையை எத்தனையோ வீடுகளுக்குப் பூட்டியிருக்கிறார். மருமகள் மேசையில் படங்களைப் பரப்பி, நல்லதுதானே மாமி என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். பிறகு, அப்பாவின் பலகைகளை என்ன செய்வது என்று அவள் தாயிடம் கேட்டது காதில் விழுந்தது. மச்சாள் அழுதார். ஒன்றும் முடிவாகவில்லை.

அடுத்த நாள் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு நான் கராஜைத் திறந்தேன். மரக்கால்களின் மேல் மூன்று பலகைகளும் படுத்திருந்தன. மேலே என் பழைய நூல் சீலை ஒன்று போர்த்தியிருந்தது. விலக்கிப் பார்த்தேன். தூசி இல்லை, வெடிப்பு இல்லை, பால் போல இருந்தது. என் தம்பி அளந்து, அறுத்து, மூன்று முறை பூசி வைத்த பலகைகள். மிச்சம் இருந்தது பூட்டும் வேலை மட்டும். என் ஆணியால் உக்கிய பலகைக்குப் பதிலாகச் செய்தவை. இவை குப்பைக்குப் போனால் நான் அந்த வாசலால் எப்படிப் போய் வருவேன்?

இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் நான் ஒரு ஜெர்மன்காரருக்கும் தொலைபேசி எடுத்ததில்லை. தம்பியாரின் சின்னக் கொப்பியில் வெர்னரின் இலக்கத்தைத் தேடி, ஒவ்வொன்றாக அழுத்தினேன். இரண்டு முறை இலக்கம் பிழைத்தது. மூன்றாம் முறை அவர் குரல் கேட்டது. எனக்குத் தெரிந்தது நாலு சொல். வெர்னர், அக்கா, பிறெட், பிட்டே. பிறெட் என்றால் பலகை, பிட்டே என்றால் தயவுசெய்து. அவ்வளவையும் சொல்லி வைத்துவிட்டேன். அரை மணித்தியாலத்தில் சைக்கிள் மணி கேட்டது.

மருமகள் மாலையில் வீட்டுக்கு வந்தபோது, வெர்னர் கராஜில் பலகை ஒன்றைக் கண்ணுக்கு நேரே பிடித்து, வளைவு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். மருமகளுக்கு முதலில் கோபம். தெர்மின் எடுத்தாயிற்று, கையெழுத்து வைத்தாயிற்று என்றாள். வெர்னர் சொன்னது எனக்கு முழுதாக விளங்கவில்லை. தொண்ணூறு வீத வேலையை உன் தந்தை முடித்துவிட்டார், மிச்சம் இரண்டு ஆள் ஒரு நாள் என்றாராம். அவள் பலகையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“மாமி, உங்களுக்கு இது வேணுமோ?”

“ஓம்.”

“நேற்று ஏன் தலையை ஆட்டினீங்கள்?”

“எனக்கு நீ கேட்டதுக்கு மறுமொழி சொல்லத் தெரியேல்லை, பிள்ளை.”

அவள் சிரித்துவிட்டாள். அடுத்த நாள் காலையிலேயே கொம்பனிக்கு எழுதித் தெர்மினை நிறுத்திவிட்டாள்.

அடுத்து வந்த சனிக்கிழமை வேலை தொடங்கியது. தம்பியாரின் பழைய கொம்பனி சாரம் கொண்டு வந்து கட்டித் தந்தது. வெர்னர் உக்கிய கைமர நுனியை வெட்டி, பக்கத்தில் புதுத் துண்டு சேர்த்து முடுக்கினார். நூல் கட்டினார். பலகையின் மற்றக் கோடியைப் பிடிக்க ஆள் வேண்டும். மருமகள் தன் கந்தோர் வேலைச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தகப்பனின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, அது கொளக் கொளக் என்று ஆட ஆட ஏறினாள். மச்சாள் திருகாணிகளை எண்ணிக் கொடுத்தார். நான் முற்றத்தில் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். பக்கத்து வீட்டார் வேலியோரத்தில் கதிரை போட்டுப் பார்த்தார்கள். மேற்கே வானம் கறுத்து வந்தது.

முதல் பலகையை வைத்துப் பார்த்தார்கள். இடது மூலையில் ஒரு விரல் அகலம் கூட. அது பிழை இல்லை, அந்த இடத்தில் வைத்துப் பார்த்து அறுப்பதற்கு என்று தம்பியார் வேண்டுமென்றே விட்டு வைப்பது. வெர்னர் அறுத்தார். பூச்சு இல்லாத பச்சை மரம் தெரிந்தது. வெர்னர் வானத்தைப் பார்த்தார். மழைக்கு முன் முடித்துவிடலாம் என்று அப்படியே பலகையைத் தூக்கி, திருகாணியை வைத்து, முடுக்கும் கருவியை எடுத்தார்.

என் வாயில் இருந்து எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது.

“ஹால்ட்! வெர்னர், எர்ஸ்ட் ஃபார்பே!”

நில், முதலில் பூச்சு என்று சொல்லியிருக்கிறேன். சொல்லவில்லை, கத்தியிருக்கிறேன். தட்டில் இருந்த குவளைகள் ஆடின. வேலியோரத்தில் கதிரையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். மருமகள் சாரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வெர்னர் முடுக்கும் கருவியைக் கீழே வைத்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் சாரமே குலுங்கியது. அவர் சொன்னதை மருமகள் மேலே இருந்து தமிழில் சொன்னாள், “அப்பா வந்து நிண்டு சத்தம் போடுறார் எண்டு நினைச்சிட்டாராம் மாமி.”

பலகை இறங்கியது. தூரிகையை என்னிடம் நீட்டினார்கள். அறுத்த வாயில் நான் பூசினேன். காயும் வரைக்கும் எல்லோரும் ரோல்ஸ் சாப்பிட்டார்கள். மறுபடியும் பூசினேன். கறுத்து வந்த மழை எங்கள் பக்கம் வராமல் அப்பால் போய்விட்டது. முதல் பலகை ஏறியது. நூலுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு கடதாசி போகாது.

இரண்டாவது பலகையைக் கராஜில் இருந்து தூக்கி வந்து, பின்பக்கம் பார்க்கத் திருப்பினார்கள். முதல் பலகையின் பின்னால் பென்சிலால் இடது என்று தமிழில் எழுதியிருந்தார். இதன் பின்னால் கீழ் விளிம்பை ஒட்டி ஒரு நீள மரச் சலாகை பூட்டியிருந்தது. அதில் கீழ்நோக்கி மூன்று கறள் பிடிக்காத கொளுக்கிகள். இரண்டு கோடியில் இரண்டு, நடுவில் ஒன்று. சலாகையிலும் ஆறு பக்கமும் பூச்சு. வெர்னருக்கு விளங்கவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஒன்றைத் தம்பியார் எங்கும் பூட்டியதில்லை என்றார். லாம்பு தொங்கவிடவோ என்றார் மச்சாள். குருவிக்குத் தீன் வைக்கவோ என்றாள் மருமகள்.

நான் தேத்தண்ணித் தட்டைப் புல்லில் வைத்தேன். கோடிக் கொளுக்கிகள் இரண்டுக்கும் நடுவில் என் இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்தேன். சரியாக இருந்தது. நான் தோரணத்துக்கு நூல் எடுக்கும் அளவு அதுதான், ஒரு விரி கை. பழைய பலகையில் கோடித் துளையில் இருந்து கோடித் துளைக்குத் தம்பியார் அன்று அளந்தது அதைத்தான்.

நடுக் கொளுக்கிக்கு மேலே பென்சிலால் ஏதோ எழுதியிருக்கிறது, என்னவென்று வாசி என்று வெர்னர் காட்டினார். இடது, வலது என்றால் இது நடு என்றுதானே இருக்க வேண்டும். குனிந்து பார்த்தேன். அக்கா என்று இருந்தது.

வாசித்தேன். வெர்னருக்கு மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது.

அப்போதுதான் எல்லோருக்கும் முன்னால், பக்கத்து வீட்டாரும் கேட்டுக்கொண்டிருக்க, பொங்கல், தோரணம், தேங்காய்க் கத்தி எல்லாவற்றையும் சொன்னேன். மருமகள் ஜெர்மனில் மாற்றிச் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுக்காரி, தன் வேலியில் கேட்ட இலை எல்லாம் எங்கே போனது என்று இப்போதுதான் தெரிகிறது என்று கை தட்டினார். மச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உங்கடை தம்பிக்கு அண்டைக்கே தெரியும் மச்சாள், உள்ளை வந்து தனிய இருந்து சிரிச்சவர், என்னெண்டு கேட்டதுக்குச் சொல்லேல்லை” என்றார். ஒரு வருடமாக என் நெஞ்சில் கிடந்த கல்லை அந்தச் சொல்தான் இறக்கியது. அவர் கோபிக்கவில்லை. சிரித்திருக்கிறார். சிரித்துவிட்டுக் கராஜுக்குப் போய்ச் சலாகை அறுத்திருக்கிறார்.

மூன்று பலகைகளும் அன்று பின்னேரமே ஏறிவிட்டன. பீலி பூட்டி, வெர்னர் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூடப் பலகையில் வழியவில்லை.

தம்பியாரை வைத்தியசாலையில் சொந்த மனிதரைப் போலப் பார்த்த தாதியருக்கும், இறுதிக் கிரியைக்கு முன்னின்று உழைத்த உறவுகளுக்கும், செத்தவீட்டு நாட்களில் எங்கள் குசினியைப் பொறுப்பெடுத்துச் சமைத்த பெண்களுக்கும், வேலிச் செடியில் இலை தந்த அயலாருக்கும், ஒரு சதமும் வாங்காமல் சாரம் கட்டித் தந்த பழைய கொம்பனியாருக்கும், ஆறாத முழங்காலோடு ஏறிய வெர்னருக்கும் எங்கள் குடும்பம் கை கூப்புகிறது. வெர்னருக்கு ரோல்ஸ் ஒரு பெட்டி தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், மறந்துவிட்டுப் போக வேண்டாம். இலை கொட்டி முடிந்ததும் பீலியை மருமகள் அள்ளுவாள். கோலை வைத்து அமத்திப் பார்ப்பது என் பொறுப்பு.

அக்கா என்று எழுதிய இடம் இப்போது பலகைக்கும் கைமரத்துக்கும் இடையில் மறைந்துவிட்டது. இனி அதை ஒருவரும் பார்க்க முடியாது. வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்குப் பலகையின் அடியில் மூன்று கொளுக்கிகளின் நுனி மட்டும் தெரியும். இது துக்க வருடம் என்றபடியால் இன்றைக்கு அவை வெறுமையாக இருக்கின்றன. இன்றைய கிரியையோடு அந்த வருடம் முடிகிறது. வருகிற தைப்பொங்கலுக்கு வேலியில் இலை பிடுங்கி, ஒரு விரி கை நூல் எடுத்து, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க ஏணியில் ஏறித் தோரணத்தைக் கொளுவப் போகிறேன். வந்து பாருங்கள். கையில் கத்தி இருக்காது.